முகவருக்குக் கொடுத்த ஒன்றரை இலட்சமும் மருமகன் தானே நிரப்பிய விண்ணப்பமும்

2022 ஆம் ஆண்டின் பிற்பகுதி. பெற்றோல் வரிசையும் மின்வெட்டும் சற்றுக் குறைந்திருந்த காலம். ஆனால் ஊரை விட்டுப் போகும் கதை மட்டும் குறையவில்லை. எங்கள் பாடசாலை ஆசிரியர் அறையில் இடைவேளைக்கு இருந்து பேசினால் பாதி நேரம் கடவுச்சீட்டுக் கதைதான். அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற லீவில் வெளிநாடு போகலாம் என்று அந்த ஆண்டு சுற்றறிக்கையும் வந்திருந்தது. அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் நானும் பக்கத்து நகரிலுள்ள ஒரு முகவர் நிலையத்தின் படியேறினேன்.

குளிரூட்டிய அறை, சுவரில் சிட்னிப் பாலத்தின் படம், மேசையில் சின்னக் கொடி. முகவர் எனது வயதையும் தொழிலையும் கேட்டுவிட்டு ஒரு வெள்ளைத் தாளில் கணக்குப் போட்டார். வயது நாற்பது தாண்டியதால் 15 புள்ளி. ஆசிரியர் கலாசாலைச் சான்றிதழை டிப்ளோமாவாக எடுத்தால் 10. எட்டு வருடத்துக்கு மேல் சேவை இருப்பதால் 15. ஆங்கிலப் பரீட்சையில் ஏழு ஏழு எடுத்தால் 10. பிராந்திய விசாவுக்கு மாநிலம் ஒன்று பரிந்துரைத்தால் 15. கூட்டிப் பார்த்துவிட்டு, "ஸேர், 65 வருது. 65 தான் வேணும். உங்களுக்குச் சரி" என்றார். மொத்தக் கட்டணம் ஆறு இலட்சம், முன்பணம் ஒன்றரை இலட்சம். மறுநாளே கட்டினேன்.

அந்தக் கூட்டலில் பிழையே இல்லை. 15, 10, 15, 10, 15 கூட்டினால் 65 தான். பிழை வேறிடத்தில் இருந்தது. அதை மூன்று மாதம் கழித்து, பாடசாலை விடுமுறையில், வீட்டில் இருந்த கணினியில் நானே தேடி வாசித்தபோதுதான் கண்டுகொண்டேன்.

அவுஸ்திரேலியாவுக்குத் திறமை அடிப்படையில் குடிபெயர விரும்பும் ஒருவர் புள்ளி எண்ணுவதற்கு முன்னர் அவரது தொழிலை அந்நாட்டில் அதற்கென நியமிக்கப்பட்ட நிறுவனம் மதிப்பிட்டு, 'இவர் இந்தத் தொழிலுக்குத் தகுதியானவர்' என்று கடிதம் தரவேண்டும். ஆசிரியர்களுக்கு அந்த வேலையைச் செய்வது 'எயிட்சில்' எனச் சுருக்கமாக அழைக்கப்படும் கற்பித்தல் மற்றும் பாடசாலைத் தலைமைத்துவ நிறுவனம். அதன் இணையத்தளத்தில் முதல் பக்கத்துக்கு அடுத்த பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள்: உயர்கல்வி மட்டத்தில் குறைந்தது நான்கு வருட முழுநேரப் படிப்பு, அதற்குள் ஆசிரியப் பயிற்சிக்கான தகைமை, மேற்பார்வையுடன் கூடிய 45 நாட் கற்பித்தல் பயிற்சி. அதற்கு மேல் ஆங்கிலப் பரீட்சையில் வாசிப்புக்கும் எழுத்துக்கும் 7, கேட்டலுக்கும் பேச்சுக்கும் 8.

நான் பல்கலைக்கழகம் போனவன் அல்லன். உயர்தரத்துக்குப் பிறகு தொண்டர் ஆசிரியனாகச் சேர்ந்து, நியமனம் கிடைத்து, கலாசாலையில் இரண்டு வருடம் படித்துப் பயிற்றப்பட்ட ஆசிரியராக வெளியேறியவன். இருபது வருடமாகக் கணிதம் கற்பிக்கிறேன், என்னிடம் படித்தவர்களில் பொறியியலாளர்களும் வைத்தியர்களும் இருக்கிறார்கள். எயிட்சிலின் அளவுகோலில் அதற்கு இடமில்லை. நான்கு வருடம் என்றால் நான்கு வருடம்தான். எனது விண்ணப்பம் முதற் கதவிலேயே நின்றுவிடும். அதை அறிய எனக்கு ஆறு இலட்சம் தேவைப்பட்டிருக்கவில்லை. ஒரு பின்னேரமும் இணைய இணைப்பும் போதுமாயிருந்தன.

முகவரிடம் போய்க் கேட்டேன். "வேற நாடு பார்ப்பம் ஸேர்" என்றார். முன்பணம் 'கோப்புத் தயாரித்த செலவு' ஆகிவிட்டது. அவர் என்னை ஏமாற்றினாரா, அல்லது அவருக்கே தெரியாதா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. இரண்டாவதாக இருந்தால் அது இன்னும் மோசம் என்றுதான் நினைக்கிறேன். மனைவியிடம் சொல்ல ஒரு மாதம் எடுத்தது. அந்தப் பணத்தில் பாதி அவளது சீட்டுப் பணம்.

இதை எழுதுவதற்குக் காரணம் எனது நட்டமல்ல. எனது ராத்தாவின் மகன் கட்டாரில் மென்பொருள் பொறியியலாளராக இருக்கிறார். 2023 இல் அவரும் இதே எண்ணத்தோடு எனக்கு அழைப்பெடுத்தார். "மாமா, இங்க ஒரு ஏஜென்ட் எல்லாம் செய்து தாறாராம், இவ்வளவு கேட்கிறார், கட்டட்டுமா?" என்றார். அவர் சொன்ன தொகையைக் கேட்டதும், "மகன், ஒரு மாதம் பொறுங்க. முதல்ல நாம ரெண்டு பேரும் வாசிப்பம்" என்றேன். அந்த வாசிப்பு இரண்டு வருடம் நீண்டது. முகவர் எவரும் இல்லாமல் அவர் தனது விண்ணப்பத்தைத் தானே சமர்ப்பித்தார். அந்த வழியில் நாங்கள் கண்டவற்றையே இங்கு சொல்கிறேன். அவுஸ்திரேலிய உள்துறைத் திணைக்களமே தனது இணையத்தளத்தில், முகவரைப் பிடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று எழுதி வைத்திருக்கிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

பாதையின் ஒழுங்கு இதுதான். முதலில் தொழில் மதிப்பீடும் ஆங்கிலப் பரீட்சையும். அவை கையில் வந்த பின் 'ஸ்கில்செலெக்ட்' என்ற தளத்தில் விருப்ப வெளிப்பாடு ஒன்றைப் பதிவு செய்வது. ஈ.ஓ.ஐ. என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். இதற்குச் சதமும் கட்டணமில்லை. இதற்கே ஐம்பதாயிரம், எழுபத்தைந்தாயிரம் என்று அறவிடுபவர்கள் இருக்கிறார்கள். அது விசா விண்ணப்பமும் அல்ல, 'நான் இருக்கிறேன், எனக்கு இத்தனை புள்ளி' என்று வரிசையில் பெயர் கொடுப்பது மட்டுமே. இரண்டு வருடம் அது உயிரோடு இருக்கும். அழைப்பு வந்தால் 60 நாட்களுக்குள் விசாவுக்கு விண்ணப்பித்துப் பணம் கட்ட வேண்டும். அழைப்பு வராவிட்டால் ஒன்றும் இல்லை. 65 என்பது வரிசையில் நிற்பதற்கான தகுதி, அழைக்கப்படுவதற்கான உத்தரவாதம் அல்ல. என் முகவர் சொல்லாமல் விட்ட இரண்டாவது விடயம் இது.

விசாவில் மூன்று வகை. 189 எவருடைய பரிந்துரையும் தேவைப்படாத நிரந்தர விசா. 190 க்கு ஒரு மாநிலம் பரிந்துரைக்க வேண்டும், 5 புள்ளி மேலதிகமாகக் கிடைக்கும். 491 ஐந்து வருடத் தற்காலிக விசா, 15 புள்ளி மேலதிகம், ஆனால் பிராந்தியப் பகுதியில் வாழ வேண்டும். பிராந்தியம் என்றதும் பாலைவனம் என்று பயப்பட வேண்டாம். சிட்னி, மெல்பேர்ன், பிரிஸ்பேன் ஆகிய மூன்று பெருநகரங்களைத் தவிர்த்த ஏனைய இடங்கள் இதற்குள் வருகின்றன, பேர்த்தும் அடிலெய்டும் உட்பட. மூன்று வருடம் அங்கு வாழ்ந்து உழைத்து வரிக் கணக்குக் காட்டினால் 191 என்ற நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம்.

தொழிலை மதிப்பிடும் நிறுவனம் தொழிலுக்குத் தொழில் மாறும். தாதியருக்கு ஒன்று, பொறியியலாளருக்கு 'என்ஜினியர்ஸ் ஒஸ்ட்ரேலியா', மின்னிணைப்பாளர், மோட்டார் மெக்கானிக் போன்றவர்களுக்கு வேறொன்று. தகவல் தொழில்நுட்பக்காரர்களுக்கு அவுஸ்திரேலியக் கணினிச் சங்கம். உங்கள் தொழிலுக்கு எது என்று திணைக்களத்தின் தொழிற் பட்டியலில் பெயருக்கு நேரே எழுதியிருக்கும். அந்த நிறுவனத்தின் வழிகாட்டிக் கையேட்டைப் பதிவிறக்கி, முழுவதையும், அடிக்குறிப்புகள் உட்பட வாசியுங்கள். இந்த முழுக் காரியத்திலும் வாசிக்கத் தவறக்கூடாத ஒரே ஆவணம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

ஏன் என்று மருமகனின் கணக்கைப் பார்த்தால் விளங்கும். அவர் இங்கு நான்கு வருட கணினி விஞ்ஞானப் பட்டம் முடித்தவர். 2018 இலும் 2019 இலும் கொழும்பில் வேலை, 2020 ஜனவரியிலிருந்து தோஹாவில். விருப்ப வெளிப்பாட்டைப் பதிவு செய்யும்போது ஆறு வருட அனுபவம். ஐந்து தொடக்கம் எட்டு வருடத்துக்கு உட்பட்ட வெளிநாட்டு அனுபவத்துக்கு 10 புள்ளி, மூன்று தொடக்கம் ஐந்துக்கு உட்பட்டதற்கு 5 புள்ளி. ஆறு வருடம் என்றால் 10 தானே? இல்லை. கணினிச் சங்கம் அவரது முதல் இரண்டு வருடத்தையும் 'தகுதி பெறுவதற்கான காலம்' என்று கழித்துவிட்டது. பட்டம் வாங்கியதும் ஒருவர் முழுத் தொழிலாளியாகிவிடுவதில்லை என்பது அவர்களின் வாதம். எனவே கொழும்பு அனுபவம் முழுவதும் போய், 2020 இலிருந்துதான் எண்ணலாம் என்று கடிதம் வந்தது. புள்ளி 5.

இதைக் கவனிக்காமல் 10 என்று பதிந்தால் என்ன நடக்கும் தெரியுமா? கணினி ஒன்றும் சொல்லாது, ஏற்றுக்கொள்ளும். கூடிய புள்ளிக்கு அழைப்பும் வந்துவிடலாம். பணத்தைக் கட்டி விசாவுக்கு விண்ணப்பித்த பின், கோப்பைப் பார்க்கும் அதிகாரி கணக்கைச் சரிபார்ப்பார். அழைக்கப்பட்ட புள்ளி உங்களிடம் இல்லையென்றால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும், கட்டிய பணம் திரும்பி வராது. மருமகனுடன் வேலை செய்த ஒரு பிற மாநிலத்து இந்திய நண்பருக்கு இதுவே நடந்தது. புள்ளியைப் பதிந்தவர் அவருடைய முகவர், இழந்தவர் இவர்.

ஆக மருமகனின் கணக்கு: வயது 25 க்கும் 32 க்கும் இடையில் என்பதால் 30, பட்டத்துக்கு 15, ஆங்கிலத்துக்கு 20, அனுபவத்துக்கு 5, மனைவி ஆங்கிலப் பரீட்சையில் போதிய அளவு எடுத்ததால் 5. மொத்தம் 75. ஆங்கிலத்துக்கான 20 சும்மா வரவில்லை. பி.ரி.ஈ. பரீட்சையில் நான்கு பகுதியிலும் 79 எடுக்க மூன்று தடவை இருந்தார். முதல் தடவை கிடைத்த புள்ளிகளோடு நிறுத்தியிருந்தால் 10 தான். பரீட்சைக் கட்டணம் இரண்டு தடவை மேலதிகமாகப் போனது உண்மை. ஆனால் பத்துப் புள்ளியை வேறெங்கும் இவ்வளவு மலிவாக வாங்க முடியாது. ஒரு எச்சரிக்கை, 2025 ஆகஸ்ட் 7 முதல் எழுதப்படும் பரீட்சைகளுக்கு பி.ரி.ஈ. அளவுகளை மாற்றிவிட்டார்கள். எனவே 79 என்ற பழைய இலக்கத்தை நம்பிப் படிக்க வேண்டாம், திணைக்களத்தின் பக்கத்தில் புதிய அட்டவணையைப் பாருங்கள்.

இனி, எங்களைப் படாத பாடு படுத்திய இரண்டு விடயங்கள்.

ஒன்று, சேவைக் கடிதம். எங்கள் நாட்டுக் கம்பனிகளும் வளைகுடாக் கம்பனிகளும் கொடுக்கும் கடிதம் மூன்று வரிதான்: இன்னார் இன்ன திகதியிலிருந்து இன்ன திகதி வரை வேலை செய்தார், நல்ல மனிதர், வாழ்த்துகிறோம். மதிப்பீட்டு நிறுவனத்துக்கு இது போதாது. என்ன பதவி, வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம், என்னென்ன கடமைகள் என்று விபரம் வேண்டும். தோஹாக் கம்பனி இரண்டு மாதம் இழுத்து ஒருவாறு கொடுத்தது. கொழும்புக் கம்பனியின் மனிதவளப் பிரிவு, "எங்கட போர்மெட் இதுதான்" என்று கையை விரித்துவிட்டது. அந்த இடத்தில் அவரோடு வேலை செய்த மேலதிகாரி ஒருவர் சத்தியக்கடதாசி முடித்துக் கொடுத்தார். கூடவே சம்பளப் பத்திரங்கள், வங்கிக் கூற்று, ஊழியர் சேமலாப நிதிப் பதிவு ஆகியன வைக்கப்பட்டன. கழிக்கப்படப் போகும் வருடங்களுக்கு ஏன் இவ்வளவு பாடு என்று நினைக்கலாம். கழிப்பதற்கும் அவை நிரூபிக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தோஹா வருடங்களில் இரண்டு போயிருக்கும். வேலையை விட்டு விலகும் நாளிலேயே கடமைகள் எழுதிய கடிதத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு கேட்டால் உங்களைத் தெரிந்தவர் எவரும் அந்த அலுவலகத்தில் இருக்க மாட்டார்.

மற்றது எங்களுடைய பெயர்கள். இது எங்கள் சமூகத்துக்கே உரிய தலையிடி. மருமகனின் பிறப்புச் சான்றிதழில் முகம்மது, அடையாள அட்டையில் மொஹமட், கடவுச்சீட்டில் ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக்கூட்டல், பட்டச் சான்றிதழில் இன்னொரு எழுத்து கூடுதலாக. வாப்பாவின் பெயர் ஓரிடத்தில் முழுதாக, ஓரிடத்தில் முதலெழுத்தாக. மனைவியின் விவாகச் சான்றிதழில் அவரது வாப்பாவின் பெயருக்கு முன்னால் 'ஆதம்பாவா', பிறப்புச் சான்றிதழில் 'ஆதம் பாவா'. எங்களுக்கு இவையெல்லாம் ஒரே ஆள். கன்பராவிலோ அடிலெய்டிலோ இருந்து கோப்பைப் பார்க்கும் ஒருவருக்கு இவை நான்கு பேர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசையில் எல்லாச் சான்றிதழ்களையும் பரப்பி, எதில் எந்த எழுத்து என்று ஒரு கொப்பியில் அட்டவணை போட்டோம். ராத்தா பக்கத்தில் இருந்து, "பதிவுக்காரர் எழுதினத யார் பார்த்தா அப்ப?" என்று சொல்லிக்கொண்டிருந்தா. பிறகு அந்த வேறுபாடுகள் அனைத்தும் ஒரே நபரையே குறிக்கின்றன என்று ஒரு சத்தியக்கடதாசி முடித்தோம். விண்ணப்பத்தில் 'வேறு பெயர்களால் அறியப்பட்டிருக்கிறீர்களா' என்ற கேள்விக்கு ஆம் என்று சொல்லி ஒவ்வொரு எழுத்துக்கூட்டலையும் பதிந்தோம். மறைக்காமல் நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிட்டால் அது வெறும் எழுத்துக்கூட்டல். அவர்கள் கண்டுபிடித்தால் சந்தேகம். தமிழிலும் சிங்களத்திலும் உள்ள ஆவணங்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது கடவுச்சீட்டின் பிரதியையும் கூடவே கொடுங்கள். இல்லாவிட்டால் அவர் தன் பங்குக்கு ஐந்தாவது எழுத்துக்கூட்டலை உண்டாக்கிவிடுவார். மொழிபெயர்ப்பில் அவரது முழுப்பெயர், முகவரி, தொலைபேசி, தகைமை ஆகியன இருக்க வேண்டும். சமாதான நீதவானின் முத்திரை குத்திய கறுப்பு வெள்ளைப் போட்டோப் பிரதியை அங்கு எவரும் கேட்கவில்லை. மூல ஆவணத்தை வர்ணத்தில் தெளிவாக ஸ்கேன் செய்து ஏற்றுவதே கேட்கப்படுவது.

2024 பெப்ரவரியில் 75 புள்ளியோடு பெயர் பதிந்தோம். மாநிலங்களின் பரிந்துரைக்கு அவரவர் தளத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனிப் பட்டியல், தனித்தனி நிபந்தனை, அவை ஜூலையில் தொடங்கும் நிதியாண்டோடு மாறும். மாதக் கணக்கில் ஒரு சத்தமும் இல்லை. 2025 ஜனவரியில் தோஹா வேலை ஐந்து வருடம் பூர்த்தியானதும், அதே வேலையில் தொடர்ந்ததால், அனுபவப் புள்ளி தானாகவே 10 ஆகி மொத்தம் 80 ஆனது. சந்தோசப்பட முடியவில்லை. ஜூனில் அவருக்கு 33 வயது. 33 பிறந்தால் வயதுக்கான 30 இல் 5 குறையும், அதுவும் தானாகவே. ஒரு கையால் வந்தது மறு கையால் போகும் என்று ராத்தா தினமும் தஹஜ்ஜத்துக்கு எழும்பினா. பிறந்தநாளுக்கு ஏழு வாரம் இருக்கும்போது ஒரு மாநிலத்தின் பரிந்துரையும் 491 க்கான அழைப்பும் வந்தன. அல்ஹம்துலில்லாஹ். அழைப்பு வந்த நாளின் வயதுதான் கணக்கு என்பதால் அதன் பிறகு பிறந்தநாள் வந்ததில் பாதகமில்லை.

விசா விண்ணப்பம் 'இம்மி எக்கவுன்ட்' என்ற கணக்கினூடாகச் செய்யப்படுகிறது. மின்னஞ்சல் முகவரி உள்ள எவரும் அதைத் திறக்கலாம். இங்குதான் ஒன்றைச் சொல்ல வேண்டும். முகவரிடம் கொடுத்தவர்களில் பலர் இந்தக் கணக்கைக் கண்ணால் கண்டதே இல்லை. முகவரின் மின்னஞ்சலில் திறக்கப்பட்டு, முகவரின் கடவுச்சொல்லோடு இருக்கும். திணைக்களம் மேலதிக ஆவணம் கேட்டால் பொதுவாக 28 நாள் அவகாசம் கொடுக்கும். அந்தக் கடிதம் போவது முகவருக்கு. அவர் உம்ராவுக்குப் போயிருந்தாலோ, உங்கள் மிச்சப் பணத்துக்காகக் காத்திருந்தாலோ, நாள் ஓடிவிடும். நீங்கள் முகவரைப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், என்ன பதியப்பட்டது என்பதன் முழுப் பிரதியும் உங்கள் கையில் இருக்கட்டும்.

கேள்விகள் கடினமானவை அல்ல, நீளமானவை. 80 ஆம் இலக்கப் படிவம் என்று ஒன்று இருக்கிறது. கடந்த பத்து வருட முகவரிகள், பயணங்கள், வேலை செய்த காலம், வேலை இல்லாதிருந்த காலம் எல்லாவற்றையும் இடைவெளி இல்லாமல் எழுத வேண்டும். சும்மா வீட்டில் இருந்த மூன்று மாதம் என்றால் வேலையின்றி இருந்தேன் என்றே எழுதுங்கள், வெற்றிடம் விடாதீர்கள். மருமகன் எல்லாம் எழுதி முடித்து எனக்குக் காட்டினார். கடவுச்சீட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டியபோது சவூதி முத்திரை ஒன்று. தோஹாவிலிருந்து உம்ராவுக்குப் போனது. "அது உம்ரா தானே மாமா, பயணமா?" என்று கேட்டார். அல்லாஹ்வுக்கு அது இபாதத், படிவத்துக்கு அது சவூதி அரேபியப் பயணம். எழுதினோம்.

கடந்த பத்து வருடத்தில் மொத்தமாகப் பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் பொலிஸ் அறிக்கை வேண்டும். ஆகவே இலங்கையிலும் கட்டாரிலும் எடுத்தார்கள். வளைகுடாவில் இருப்பவர்கள் அங்கிருந்து புறப்படுவதற்கு முன்னரே எடுத்துவிடுவது சுலபம். மருத்துவப் பரிசோதனையைத் திணைக்களம் அங்கீகரித்த வைத்தியரிடம் மட்டுமே செய்யலாம். அதற்குரிய இலக்கத்தைக் கணக்கிலிருந்தே பெற்றுக்கொண்டு போக வேண்டும்.

பணம். 2025 ஜூன் நடுப்பகுதியில் நாங்கள் கட்டியபோது பிரதான விண்ணப்பதாரிக்கு 4,765 டொலர், மனைவிக்கு அதில் பாதி, பிள்ளைக்குக் கால்வாசி. மூவருக்கும் 8,300 டொலரைத் தாண்டியது, இலங்கைப் பணத்தில் பதினாறு இலட்சத்துக்கு மேல். ஜூலை 1 ஆம் திகதியோடு பிரதான கட்டணம் 4,910 ஆகியது. ஒவ்வொரு வருடமும் அந்தத் திகதியில் கூடுவது வழக்கம் என்பதால் அழைப்பு ஜூனை ஒட்டி வந்தால் தாமதிக்காதீர்கள். முகவர் இருந்தாலும் இந்தப் பணம் குறையாது, அவருடைய கட்டணம் இதற்கு மேல்தான்.

இன்னொரு செலவைப் பற்றி எங்கள் ஊரில் எவரும் பேசக் கேட்டதில்லை. கூட வரும் மனைவிக்கு, அல்லது கணவருக்கு, அடிப்படை ஆங்கிலம் இருப்பதை நிரூபிக்காவிட்டால் 4,800 டொலருக்கு மேல் இரண்டாவது தவணை ஒன்று கேட்பார்கள். ஐ.ஈ.எல்.டி.எஸ். பரீட்சையில் சராசரி 4.5 எடுத்தால் அது வேண்டியதில்லை. எங்கள் பெண் பிள்ளைகளில் உயர்தரம் வரை படித்த எவரும் நான்கு மாதம் முயன்றால் எடுக்கக்கூடிய அளவு அது. மருமகனின் மனைவி கைக்குழந்தையோடு இருந்து படித்து அதைவிடக் கூடிய அளவான 6 ஐ நான்கு பகுதியிலும் எடுத்ததால்தான் இரண்டாம் தவணையும் மிஞ்சியது, 5 புள்ளியும் வந்தது. வீட்டில் இதை எவரும் பெரிதாகக் கொண்டாடவில்லை. எனக்கென்றால் முழுக் கோப்பிலும் மிகக் கடினமான வேலையைச் செய்தவர் அவர்தான்.

முகவர்கள் எல்லோரும் மோசடிக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. அவுஸ்திரேலியாவில் குடிவரவு ஆலோசனைக்குப் பணம் வாங்கும் முகவர் 'ஒமாரா' எனப்படும் அதிகாரசபையில் பதிவு செய்திருக்க வேண்டும். அவருக்கு ஏழு இலக்கப் பதிவெண் ஒன்று இருக்கும், அதை இணையத்தில் எவரும் சரிபார்க்கலாம். ஆனால் அந்தச் சட்டம் அவுஸ்திரேலியாவுக்குள்தான். கொழும்பிலோ கண்டியிலோ எங்கள் பக்கத்து நகரிலோ மேசை போட்டிருப்பவரை அது கட்டுப்படுத்தாது. 'வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் எங்களிடம் இருக்கிறது' என்று சுவரில் மாட்டியிருப்பார்கள். அது 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பதற்கான அனுமதி. குடிபெயரும் விசா பற்றி அவருக்கு ஏதும் தெரியும் என்பதற்கு அது அத்தாட்சியல்ல. என்னுடைய முகவரின் சுவரிலும் அப்படியொன்று சட்டமிட்டுத் தொங்கியது.

பெரிய ஆபத்து பணமும் அல்ல. சேவைக் கடிதம் இல்லையா, தயாரித்துத் தருகிறோம் என்பார்கள். போலி ஆவணமோ பொய்த் தகவலோ பிடிபட்டால் 4020 என்ற இலக்க நிபந்தனையின் கீழ் விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதோடு மூன்று வருடத்துக்கு விண்ணப்பிக்கவும் தடை வரும். அடையாளத்தையே மாற்றியிருந்தால் பத்து வருடம். 'எனக்குத் தெரியாது, ஏஜென்ட் போட்டது' என்று சொல்லித் தப்ப முடியாது, கையொப்பம் உங்களுடையது.

எங்களுக்கு அவ்வளவு ஆங்கிலம் தெரியாதே, அதனால்தானே முகவரிடம் போகிறோம் என்று சிலர் சொல்கிறார்கள். கடுமையாகப் படலாம், ஆனாலும் சொல்கிறேன்: இந்த விசாவுக்கே ஐ.ஈ.எல்.டி.எஸ். நான்கு பகுதியிலும் 6 குறைந்தபட்சம். அந்த அளவு உள்ளவருக்கு இந்தப் பக்கங்கள் விளங்கும். விளங்காதவருக்கு முகவர் நிரப்பினாலும் விசா கிடைக்காது. அப்படியானவர் முகவருக்குக் கொடுக்கும் பணத்தை ஆங்கில வகுப்புக்குக் கொடுக்கலாம்.

உண்மையில் உதவி தேவைப்படும் சந்தர்ப்பங்களும் உண்டு. முன்னர் ஒரு விசா நிராகரிக்கப்பட்டிருந்தால், குடும்பத்தில் ஒருவருக்குப் பெரிய நோய் இருந்தால், வழக்கு ஏதும் இருந்தால், முதல் மனைவியின் பிள்ளைகளைக் கூட்டிச் செல்வதில் அனுமதிப் பிரச்சினை இருந்தால், பதிவெண் உள்ள ஒருவரிடம் ஒரு மணித்தியால ஆலோசனைக்குப் பணம் கட்டிக் கேட்பது புத்தி. அதற்கும் கோப்பு முழுவதையும் ஒப்படைப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

மருமகனின் மருத்துவப் பரிசோதனை முடிந்துவிட்டது. திணைக்களம் ஒரு தடவை கட்டார் பொலிஸ் அறிக்கையின் தெளிவான பிரதியைக் கேட்டது, மறுநாளே ஏற்றினார். முடிவு இன்னும் வரவில்லை. அவர் தோஹாவில் வேலைக்குப் போய் வருகிறார், ராத்தா தினமும் "ஏதும் வந்துதா?" என்று எனக்குக் கேட்கிறா. இதற்கிடையில் என்னிடம் படித்த பிள்ளைகள் சிலர் சனிக்கிழமை பின்னேரங்களில் வீட்டுக்கு வருகிறார்கள். போன கிழமை வந்தவர் ஒரு தாதி. உம்மாவின் காப்பை ஈடுவைத்து முகவருக்கு முன்பணம் கட்டத் திங்கட்கிழமை நாள் குறித்திருந்தார். அவருடைய தொழிலை மதிப்பிடும் நிறுவனத்தின் கையேட்டைத் திறந்து, முதற் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினோம். மஃரிபுக்கு அதான் சொல்லும்போது பதினோராம் பக்கத்தில் நின்றோம். காப்பு இன்னும் உம்மாவின் கையில்தான் இருக்கிறது.